அடுப்படிப் பாட்டை ஆலயம் ஏற்றியவர்

தாய் பாடிய தாலாட்டை மறந்தவர் யாருமில்லை. ஆயினும் அதே தாலாட்டை நாலு பேர் கூடிய சபையில் பாடச் சொன்னால் நம்மில் பலர் தலை குனிந்துகொள்வோம். வீட்டுப் பாட்டு வீட்டோடு இருக்கட்டும், மேடைக்கு வேறு பாட்டு வேண்டும் என்று எண்ணுவோம். ஒருவர் இருவர் அல்ல, ஒரு நாடே இவ்வாறு தன் பாட்டைக் குறித்து வெட்கப்பட்டிருந்த காலம் உண்டு. அந்த நாடு அயர்லாந்து. குடிசை அடுப்படியில் ஒலித்துக்கொண்டிருந்த இசையை முதலில் பேரரங்கிற்கும், பின்னர் ஆலயப் பீடத்தருகிற்கும் கொண்டு சேர்த்தவர் ஷான் ஓ ரீயடா. நாற்பதே ஆண்டுகள் வாழ்ந்த அந்த இசைஞரின் வரலாற்றை நாம் இங்கே சற்று நோக்குவோம்.

யாழைச் சின்னமாகக் கொண்ட நாடு

அயர்லாந்தின் அரசுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருப்பது சிங்கமோ கழுகோ அன்று, ஒரு யாழ். உலோகத் தந்திகள் பூட்டிய யாழை இசைப்போருக்கு ஒரு காலத்தில் அந்நாட்டுக் குறுநில மன்னர்களின் மாளிகைகளில் பெருமதிப்பு இருந்தது. 1670-இல் பிறந்து 1738-இல் மறைந்த டர்லோ ஓ கரோலன் என்பவர் அந்த மரபின் பெரும்புகழ் பெற்ற இசைஞர். பதினெட்டு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்த அவர், குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, தம்மை உபசரித்த குடும்பங்களின் பெயரால் புதுப் பண்களை அமைத்து வாசித்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் நிலங்களை இழந்தன. யாழிசைஞரை ஆதரிக்க ஆளில்லாமற் போயிற்று. 1792-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த யாழிசைஞர்களையெல்லாம் அழைத்தபோது அயர்லாந்து முழுவதிலுமிருந்து வந்தவர்கள் பத்தே பேர். எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அவர்கள் வாசித்ததை எழுதி வைத்திராவிட்டால் அந்தப் பண்களில் பல அவர்களோடு புதைந்திருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் இன்னும் பெரிய இடி விழுந்தது. 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிய, கொடும் பஞ்சம் நாட்டைப் பீடித்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். மாண்டவர்களிலும் அகன்றவர்களிலும் பெரும்பங்கினர் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள். பிழைக்க வேண்டுமாயின் ஆங்கிலம் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. தாய்மொழி ஏழ்மையின் அடையாளமாயிற்று. அம்மொழியில் பிறந்த பாட்டும் அப்படியே ஆயிற்று.

ஆனால் அது சாகவில்லை. குளிர்கால இரவுகளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்தோர் நடுவே வயலினும் குழலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. 1922-இல் நாடு விடுதலை பெற்றது. எனினும் நகரத்து இசையரங்குகளில் ஜெர்மானிய, இத்தாலிய இசையே ஒலித்தது. ஊர்ப்புறப் பாட்டைப் படித்தவர்கள் பரிவோடு கேட்டார்களே அன்றி, மதிப்போடு கேட்கவில்லை.

இளமையும் கல்வியும்

இத்தகைய சூழலில், 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், கார்க் நகரில் நம் இசைஞர் பிறந்தார். அன்று அவருக்கு இடப்பட்ட பெயர் ஜான் ரீடி. தந்தையார் லிமரிக் மாவட்டத்து அடேர் என்னும் சிற்றூரில் காவல்துறை சார்ஜெண்டாகப் பணியாற்றியவர். தாயார் கார்க் மாவட்டத்தின் மேற்கே, ஐரிஷ் மொழியை விடாது காத்துவந்த மஸ்கெரி வட்டாரத்தைச் சேர்ந்தவர். ஆக, ஊர்ப்புற இசை இவருக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. தாய்வழி வந்த சொத்து.

ஆனால் பிள்ளை கற்றது மேனாட்டுச் செவ்விசை. வயலின், பியானோ, ஆர்கன் ஆகியவற்றை முறையாகப் பயின்றார். லிமரிக்கில் புனித மன்ச்சின் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்து, 1948-இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். கிரேக்கம், இலத்தீன் ஆகிய செம்மொழிகளில் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார். இசைத்துறையில் அலாய்ஸ் ஃபிளைஷ்மன் என்னும் பேராசிரியரிடம் பாடம் கேட்டார். மாலை வேளைகளில் நடன மண்டபங்களில் ஜாஸ் இசைக்குப் பியானோ வாசித்தார். 1952-இல் இசையில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ரூத் காக்லன் என்னும் பெண்மணியை மணந்தார். அயர்லாந்து வானொலியில் இசைத்துறைத் துணை இயக்குநர் பதவியும் கிடைத்தது.

இருபத்திரண்டு வயதில் அரசு வேலை, மனைவி, இல்லறம். வேறொருவராயின் மனம் நிறைந்திருப்பார். இவரோ நிறையவில்லை. ஐரோப்பா மெச்சும் இசைப் படைப்பாளியாக வேண்டும் என்ற தாகம் அவரை வாட்டியது. 1955-இல் வேலையை உதறிவிட்டுப் பாரிஸ் நகருக்குப் போய்விட்டார். குடும்பத்தைப் பிரிந்து, கையில் காசின்றி அலைந்தார். சில மாதங்களில் திரும்பினார். அந்தப் பயணத்தால் பொருளோ புகழோ கிட்டவில்லை. ஆனால் தம் வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அவரோடு திரும்பி வந்தது.

டப்ளினின் புகழ்பெற்ற அபே நாடக அரங்கம் அவரை இசை இயக்குநராக ஏற்றது. நாடக இடைவேளைகளில் வாசிக்கும் ஒரு சிறிய இசைக்குழு அவர் பொறுப்பில் வந்தது. அக்குழுவுக்காக ஐரிஷ் பண்களைப் புதிதாக அமைத்து எழுதத் தொடங்கினார். ஒருபுறம் 1957-இல் தந்தி வாத்தியங்களுக்கென அவர் எழுதிய 'நோமோஸ் 1' என்ற படைப்பு, ஐரோப்பிய நவீன இசை முறைகளில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் காட்டியது. மறுபுறம் ஊர்ப்புறப் பாட்டு அவரை இழுத்தது. இந்த இரு நீரோடைகளும் ஓர் இடத்தில் கலந்தாக வேண்டும். கலந்த இடம் ஒரு திரைப்படம்.

ஒரு திரைப்படம் செய்த விந்தை

1916-ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், டப்ளின் நகரில் விடுதலைப் புரட்சி வெடித்தது. ஒரு வாரத்தில் அது அடக்கப்பட்டது. தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நாட்களின் பழைய செய்திப் படச் சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. ஜார்ஜ் மாரிசன் என்னும் இயக்குநர் அவற்றைப் பாடுபட்டுத் திரட்டி முழுநீளப் படமாக்கினார். ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கு உழைத்த கேல் லின் அமைப்பு அதை வெளியிட்டது. படத்தின் பெயர் 'மிஷே ஏரே'. 'நானே அயர்லாந்து' என்பது பொருள். அதற்கு இசையமைக்கும் பொறுப்பு ஓ ரீயடாவை வந்தடைந்தது.

அவர் செய்ததைக் கூர்ந்து நோக்குவோம். புதுப் பண்களைத் தேடி அவர் அலையவில்லை. பாட்டிமார் பாடிவந்த பழம்பாடல்களை எடுத்தார். அவற்றுள் முதன்மையானது 'ரோஷீன் டுவ்', அதாவது 'கருநிறச் சிறு ரோஜா'. அயர்லாந்தை ஒரு நங்கையாக உருவகித்துக் காதல் பாட்டின் போர்வையில் நாட்டுப் பற்றைப் பாடும் பழம்பாடல் அது. அந்தப் பண்ணை மனிதக் குரலுக்குக் கொடுக்காமல் பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகொம்புக்குக் கொடுத்தார். தனித்து எழும் கொம்பின் நாதத்திற்குக் கீழே வயலின் வரிசைகள் மெல்லத் திரண்டு, பின் முழு இசைக்குழுவும் சேர்ந்து எழும். வாசித்தவர்கள் அயர்லாந்து வானொலியின் சிம்பொனி இசைக்குழுவினர். நடத்தியவர் ஓ ரீயடாவே.

1959-இல் கார்க் திரைப்பட விழாவில் படம் முதன்முறை காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு நாடெங்கும் ஓடியது. பலர் அந்த இசையைக் கேட்டுக் கண் கலங்கினர். ஏன்? பண் அவர்களுக்குப் புதிதன்று. தம் வீட்டில் கேட்ட பாட்டுத்தான். ஆனால் அது இவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் அறிந்தார்கள். காது அறிந்த பாட்டை நெஞ்சம் அறிந்த நாள் அது. ஜான் ரீடி என்ற பெயரை விடுத்து ஷான் ஓ ரீயடா என்ற ஐரிஷ் வடிவத்தில் அவரை நாடு அறிந்துகொண்டதும் இக்காலத்தில்தான்.

கலப்பதில் உள்ள சிக்கல்

இவ்வெற்றியோடு நின்றிருந்தால், நாட்டுப் பாடலுக்குப் பட்டாடை உடுத்தியவர் என்ற பெயரோடு அவர் வரலாறு முடிந்திருக்கும். ஆனால் அவர் மனத்தில் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. அது என்னவென்று விளங்க, அயர்லாந்தின் மரபிசை எப்படிப்பட்டது என்பதை நாம் சிறிது அறிய வேண்டும்.

மேனாட்டுச் சிம்பொனி இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொருவர் முன்னும் எழுதிய தாள் இருக்கும். நடத்துநரின் கோல் அசைவுக்கு அனைவரும் கட்டுப்பட்டவர்கள். ஐரிஷ் மரபிசையோ ஒற்றைப் பண்ணை மட்டும் நம்பியது. பத்துப் பேர் வாசித்தாலும் ஒரே பண்தான். அதை ஒவ்வொரு முறையும் நுண்ணிய அசைவுகளாலும் சுழிப்புகளாலும் புதிதாக்குவதே கலைஞரின் திறம். நம் இசையில் கமகம் இல்லாத இராகத்தை எண்ணிப் பார்க்க முடியுமா? அதுபோலத்தான். 'ஷன் நோஸ்', அதாவது 'பழைய முறை' எனப்படும் அவர்களது பாடல் மரபில் பக்கவாத்தியமே கிடையாது. தாளக் கட்டும் இல்லை. பாடுபவர் மூச்சும் சொல்லின் பொருளுமே அளவு.

இந்தப் பாட்டை நூறு பேர் கொண்ட இசைக்குழுவிடம் கொடுத்தால் என்ன ஆகும்? நடத்துநரின் கோல் தாளத்தை நிலைநிறுத்தும், சுழிப்புகள் மறையும், பண்ணின் எலும்பு மட்டும் எஞ்சும். பெருமை கூடும், உயிர் குறையும். இதை ஓ ரீயடா நன்கு உணர்ந்தார். 1962-இல் 'நம் இசை மரபு' என்னும் பொருளில் அவர் வானொலியில் தொடர் உரைகள் நிகழ்த்தினார். ஐரிஷ் பாட்டு ஐரோப்பியச் செவ்விசையைவிடக் கீழ்த்திசை நாடுகளின் இசைக்கே உறவுடையது என்று அவ்வுரைகளில் வாதிட்டார். அவர் மறைந்த பின் 1982-இல் அவை நூலாக வெளிவந்தன.

ஊர்க் கலைஞர்கள் மேடை ஏறினர்

சிக்கலுக்கு அவர் கண்ட விடை துணிவானது. பாட்டைச் சிம்பொனிக் குழுவிடம் கொண்டுபோவதற்குப் பதில், சிம்பொனிக் குழுவின் ஒழுங்கை ஊர்க் கலைஞர்களிடம் கொண்டுவந்தால் என்ன? 1960-ஐ ஒட்டி அபே அரங்கில் ஒரு நாடகத்திற்காக மரபிசைக் கலைஞர் சிலரை ஒன்றுசேர்த்தார். அதிலிருந்து 'கியோல்தோரி ஹூலன்' என்ற குழு பிறந்தது. ஹூலன் என்பது டப்ளினுக்குத் தெற்கேயுள்ள பகுதியின் பழம்பெயர். அப்பகுதியின் இசைஞர்கள் என்பது குழுவின் பெயர்ப் பொருள்.

அதில் துருத்திக் குழல் வாசித்தவர் பேடி மலோனி. வாயால் ஊதாமல், முழங்கைக்கடியில் வைத்த துருத்தியை அழுத்திக் காற்றூட்டும் குழல் அது. ஷான் பாட்ஸ் தகரக் குழலும், மைக்கேல் டப்ரிடி மரக் குழலும், ஜான் கெல்லியும் மார்ட்டின் ஃபேயும் வயலினும் வாசித்தனர். ஷான் ஓ ஷே என்ற பாடகரின் கணீரென்ற குரல் குழுவுக்குப் பெருந்துணையாயிற்று. அதுவரை இப்படிப்பட்ட கலைஞர்கள் சேர்ந்தால் எல்லாரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சாக வாசிப்பதே வழக்கம். ஓ ரீயடா அதை மாற்றினார். முதலில் குழல் தனித்து ஒலிக்கும்; அது ஓய வயலின் தொடரும்; பிறகு இருவர்; முடிவில் அனைவரும். ஒவ்வொருவரின் சுழிப்பும் தெளிவாகக் கேட்டது. ஒழுங்கும் இருந்தது, உயிரும் இருந்தது.

'பௌரான்' என்ற ஆட்டுத்தோல் பறையை நாம் இங்கே மறக்கலாகாது. டிசம்பர் 26-ஆம் நாள், புனித முடியப்பர் திருநாளன்று, வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் இளைஞர்கள் தட்டும் பறையாகவே அது பெரும்பாலும் அறியப்பட்டிருந்தது. அதை ஓ ரீயடா மேடைக்கு உயர்த்தினார். இன்று ஐரிஷ் இசை என்றாலே நினைவுக்கு வரும் வாத்தியங்களுள் அதுவும் ஒன்று. வழக்கொழிந்த பழைய யாழின் உலோகத் தந்தி நாதத்திற்கு நிகராக, ஹார்ப்ஸிகார்ட் என்னும் விசைப்பலகை வாத்தியத்தை அவரே வாசித்தார். பார்வையற்ற ஓ கரோலனின் பண்கள் அந்த நாதத்தில் மீண்டும் உயிர்பெற்றன.

மேடையில் இக்கலைஞர்கள் சிம்பொனிக் குழுவினரைப் போலக் கறுப்பு உடையும் கழுத்துப் பட்டையும் அணிந்து அமர்ந்தனர். சிலர் இதைக் கண்டு நகைத்திருக்கலாம். ஆனால் அதன் உட்பொருள் ஆழமானது. பீத்தோவனுக்குக் கொடுக்கும் மரியாதையை எங்கள் ஊர் வயலினுக்கும் கொடுங்கள் என்று அந்த உடை வாய் திறவாமல் கேட்டது. 1969-இல், பீடர் ஓ டோர்னீன் என்ற கவிஞரின் இருநூறாம் ஆண்டு நினைவாக டப்ளின் கெயட்டி அரங்கில் இக்குழு நடத்திய நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அக்கவிஞரின் 'அயர்லாந்துப் பெண்கள்' என்ற கவிதைக்கு ஓ ரீயடா அமைத்த பண் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதைப் பழங்காலத்துப் பண் என்றே பலர் எண்ணிக்கொண்டிருப்பது அவருடைய வெற்றிக்குச் சான்று.

கூலே கிராமமும் திருப்பலி இசையும்

புகழ் ஏறுமுகமாக இருந்தபோது அவர் தலைநகரைத் துறந்தார். 1963-இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசை விரிவுரையாளர் ஆனார். நகரில் குடியிருக்காமல், தாயாரின் மஸ்கெரி வட்டாரத்தில் கூலே என்ற சிறு மலைக்கிராமத்தில் குடும்பத்தோடு குடியேறினார். அவருடைய பிள்ளைகள் எழுவர். அவர்கள் ஐரிஷ் மொழியையே வாழ்வு மொழியாகக் கொண்டு வளர வேண்டும் என்பது அவர் ஆவல். பற்றாக்குறை நிறைந்த ஆண்டுகளில் இத்தனை பிள்ளைகளையும் பேணி இல்லத்தைத் தாங்கியவர் ரூத் அம்மையார். கணவரின் புகழைப் பேசுவோர் அவரது உழைப்பையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

அக்காலத்தில்தான் திருச்சபையிலும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு வழி திறந்தது. நம் ஆலயங்களில் இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ் ஒலிக்க வந்ததும் அந்த வாயில் வழியாகத்தான். அயர்லாந்திலும் ஐரிஷ் மொழித் திருப்பலி வந்தது. ஆனால் அதைப் பாட இசை எங்கே? அடக்குமுறைக் காலத்தில் குருக்கள் மலைப்பாறைகளைப் பீடமாக்கி மறைவில் பலி ஒப்புக்கொடுத்த நாடு அது. மறைந்து நிற்பவர்கள் வாய் திறந்து பாடுவது எங்ஙனம்? மௌனமாக வழிபடும் பழக்கம் அம்மக்களிடம் ஆழப் பதிந்திருந்தது.

ஓ ரீயடா 1964-இல் கூலே ஊர் ஆண்களைக் கொண்டு ஒரு பாடகர் குழுவை அமைத்தார். அவர்கள் இசைக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். ஊரில் உழைத்து வாழும் மக்கள். ஆனால் 'பழைய முறை'ப் பாட்டு அவர்கள் இரத்தத்தில் ஊறியிருந்தது. அவர்கள் குரலை ஓ ரீயடா செதுக்கிச் சீர்படுத்த முயலவில்லை. அந்தக் குரலுக்கு ஏற்றபடி தம் இசையைச் செதுக்கினார். ஊர்ப் பாடல்களின் சாயலில் அவர் அமைத்த திருப்பலி இசை அவர்கள் வாயில் இயல்பாக அமர்ந்தது. அவர் இசையமைத்த பரலோக மந்திரம் விரைவில் நாடெங்கும் பரவியது. 'கிறிஸ்துவுடையது விதை' என்று பொருள்படும் ஒரு பழைய ஐரிஷ் செபத்திற்கு அவர் கொடுத்த பண், இன்றும் அந்நாட்டு ஆலயங்களில் பாடப்படுகிறது. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் கிளென்ஸ்டால் மடத்தின் பெயரால் வழங்கும் இரண்டாவது திருப்பலி இசையையும் அவர் ஆக்கினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மிஷே ஏரே'யில் பாட்டு சிம்பொனிக் குழுவின் உடை அணிந்து வந்தது. கியோல்தோரி ஹூலனில் கலைஞர்கள் சிம்பொனிக் குழுவின் உடை அணிந்து தம் பாட்டை வாசித்தார்கள். கூலே ஆலயத்திலோ எந்த வேடமும் இல்லை. உழைத்த உடம்போடு வந்த மனிதர்கள், தம் சொந்தக் குரலில், தம் சொந்த மொழியில் ஆண்டவரைப் பாடினார்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கினார் என்று சிலர் கருதினர். நாமோ அவர் ஏறிய படிகளாகவே இவற்றைக் காண்கிறோம்.

குறையும் முடிவும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் நிறைகளை மட்டும் அடுக்கினால் அது வரலாறு ஆகாது. ஓ ரீயடா கடுஞ்சொல் உடையவர். நடன மண்டபங்களில் வாசித்து எளியோரை மகிழ்வித்த கெய்லிக் குழுக்களை அவர் வானொலியில் சற்றும் இரக்கமின்றிச் சாடினார். அதனால் புண்பட்டோர் உண்டு. அக்கார்டியன் வாத்தியத்தையும் குறை கூறினார். ஆனால் அவருடைய குழுவிலேயே நல்ல அக்கார்டியன் கலைஞர்கள் இருந்தனர். அவரிடமிருந்து பெரிய சிம்பொனிப் படைப்புகளை எதிர்பார்த்தவர்கள், சொஃபக்ளீஸின் கிரேக்க நாடக வரிகளைக் கொண்டு பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் அவர் எழுதிய 'நோமோஸ் 2' போன்ற முயற்சிகள் தொடரவில்லையே என்று வருந்தினர். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

எல்லாவற்றையும்விடத் துயரமானது, மதுப்பழக்கம் அவர் உடலை அரித்தது என்பது. இசைக்காகத் தம்மை ஓய்வின்றி வாட்டிக்கொண்ட மனிதர், தம் உடலைக் காக்கத் தவறினார். 1970-இல் கியோல்தோரி ஹூலன் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, தனியாக அமர்ந்து ஹார்ப்ஸிகார்டில் தமக்குப் பிரியமான பழம்பண்களை வாசித்து ஒலிப்பதிவு செய்தார். 'ஓ ரீயடாவின் பிரியாவிடை' என்ற பெயரில் அது அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. கல்லீரல் நோய் முற்றி, சிகிச்சைக்காக இலண்டன் மாநகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். நாற்பது வயது நிறைந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது.

அவர் உடல் தாயாரின் வட்டாரத்திற்கே திரும்பியது. தேனீ வளர்ப்போரின் பாதுகாவலியான புனித கோப்னெட் அம்மாளின் பெயர் தாங்கிய பாலிவோர்னி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எந்த மண்ணின் பாட்டைத் தேடினாரோ, அந்த மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

விதை முளைத்தது

விதைத்தவர் மறைந்தாலும் விளைச்சல் பெருகியது. அவர் குழுவிலிருந்த பேடி மலோனி 1962-இல் தொடங்கிய 'சீஃப்டன்ஸ்' குழு, ஐரிஷ் மரபிசையை உலகின் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. 1975-இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படத்தில் அவர்கள் வாசித்த 'அயர்லாந்துப் பெண்கள்' பண்ணைக் கேட்டு உலகம் வியந்தது.

சிம்பொனிக் குழுவையும் மரபிசையையும் சேர்க்கும் பணியையும் பிறர் தொடர்ந்தனர். புனித பிரெண்டன் தோற்படகில் அட்லாண்டிக் கடலைக் கடந்ததாக வழங்கும் பழங்கதையைச் சோதித்துப் பார்க்க, 1976-77-இல் சிலர் தோற்படகிலேயே பயணம் செய்தனர். அந்தப் பயணத்தை ஷான் டேவி 1980-இல் இசையாக்கினார். முழு இசைக்குழுவும் கடலாகப் பொங்க, லியம் ஓ ஃபிளின் வாசித்த துருத்திக் குழல் அந்தச் சிறு படகாக அதன்மேல் மிதந்தது. இம்முறை குழல் தன் சுழிப்புகளில் ஒன்றையும் இழக்கவில்லை. கல்லூரியில் ஓ ரீயடாவிடம் பாடம் கேட்ட மைக்கேல் ஓ சுல்லவான், மரபிசைக் கலைஞர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறவும் வழிவகுத்தார். 1994-இல் டப்ளினில் பில் வீலன் படைத்த 'ரிவர்டான்ஸ்' நிகழ்ச்சியில் பாடகர் குழுவும் இசைக்குழுவும் ஊர் நடனமும் ஒன்றாய்ச் சேர்ந்து ஏழே நிமிடங்களில் உலகை எழுந்து நிற்கச் செய்தன. இவையெல்லாம் ஓ ரீயடா நேரே செய்தவை அல்ல. ஆனால் காட்டில் முதல் தடத்தை வகுத்தவர் அவரே.

ஆயினும் இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. தந்தை இறந்தபோது மூத்த மகன் பீடர் பதின்ம வயதுச் சிறுவர். கூலே ஆலயத்துப் பாடகர் குழு கலைந்துவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். அது கலையவில்லை. அச்சிறுவர் அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். தந்தையரிடம் கற்ற பாட்டை மைந்தர்கள் அங்கே பாடி வந்தனர்.

மாணவிகளே, உங்கள் பாட்டிமார் முணுமுணுக்கும் பாட்டை இன்று மாலை வீட்டிற்குச் சென்று ஒருமுறை கேளுங்கள். சொற்களை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். ஆலயத்திலோ பள்ளி விழாவிலோ பாட வாய்ப்பு வந்தால், கூச்சத்தை விட்டு உங்கள் சொந்தக் குரலில் பாடுங்கள். பெல்ஃபாஸ்டில் பத்து யாழிசைஞர்கள் வாசித்ததை எழுதி வைத்தவருக்கு வயது பத்தொன்பதுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பாட்டிமார் என்றும் நம்மோடு இருப்பதில்லை.